மறுமொழி: மின்வழங்கியின் இரண்டாவது குமிழுக்கு என்ன பெயர்? ‘ஓட்டவரம்பு’ என் முன்மொழிவு

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். இங்கே சனிக்கிழமைகளில் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மின்னணுவியல் வகுப்பு நடத்துகிறோம். இப்போது அவர்கள் கையில் இருப்பது, இணையக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் 0–30 வோல்ட், 3 ஆம்பியர் மின்வழங்கித் தொகுப்பு (நாமே சேர்த்துக் கட்டும் power supply kit). ஒரு பச்சைப் பலகை, ஒரு பொட்டலம் உதிரிகள், இரண்டு குமிழ்கள். முதல் குமிழுக்கு ‘மின்னழுத்தம்’ என்று எழுதி ஒட்டியாகிவிட்டது. வெளியே போகும் மின்னோட்டம் எந்த அளவைத் தாண்டக்கூடாது என்று வைக்கும் இரண்டாவதுதான் (current limit) இழுபறியாக இருக்கிறது.

> ‘மாறா மின்னோட்டம்’ என்றே வைத்துக்கொள்ளலாமே. பொருள் சரியாகத்தானே இருக்கிறது?

ஐயா, பொருள் சரிதான்; இடம்தான் சரியில்லை. மின்மாற்றியை விளக்கும்போதே ‘மாறுதிசை மின்னோட்டம்’ (AC) வந்துவிடுகிறது. அதே பாடத்தில் ‘மாறா மின்னோட்டம்’ என்றால், திசை மாறாத மின்னோட்டம் என்றுதான் பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள். AC, DC இரண்டையும் ஆடலோட்டம், நேரோட்டம் என்று வழங்கும் இலங்கைத் தமிழில் இந்த மோதல் வராது. நமக்கு வரும்.

> ‘மின்னோட்டத் தடுப்பு’ எளிமையாக இருக்கிறதே தம்பி.

எளிமைதான் அக்கா. ஆனால் அந்தக் குமிழ் எதையும் தடுப்பதில்லை. அரை ஆம்பியரில் வைத்துவிட்டு, வெளிமுனைகள் இரண்டையும் ஒரு கம்பியால் சேர்த்துப் பாருங்கள். வோல்ட் காட்டி சுழியை ஒட்டி விழும். ஆம்பியர் காட்டி 0.50 என்று அசையாமல் நிற்கும். சிவப்பு விளக்கு எரியும். கம்பியை எடுத்தால் வோல்ட் பழைய அளவுக்கே வந்துவிடும். தடுப்பது, துண்டிப்பது எல்லாம் உருகியின் (fuse) வேலை. அது ஒருமுறை போனால் போனதுதான். இங்கே மின்னோட்டம் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது, வைத்த அளவைத் தாண்டாமல். வரம்பு என்றும் சொல்லும் வயல் வரப்பும் தண்ணீரை இப்படித்தான் எல்லை தாண்டாமல் வைத்திருக்கிறது. ஆகவே ‘வரம்பு’ என்ற சொல்லைத் தவிர வேறெதுவும் எனக்குப் பொருந்தித் தோன்றவில்லை: ஓட்டவரம்பு.

சுற்றுக்குள் நடப்பதும் அதுதான். மின்னோட்டம் முழுவதும் 0.47 ஓம் மின்தடை ஒன்றின் வழியே போகிறது. 3 ஆம்பியரில் அதன் குறுக்கே 1.41 வோல்ட் விழும். குமிழ் குறித்த அளவோடு இதை ஒரு பெருக்கி (op-amp என்னும் சில்லு) ஒத்துப்பார்த்து, மிஞ்சப் போகிறது என்றால் வெளியே தரும் மின்னழுத்தத்தை இறக்குகிறது. (அந்த மின்தடையில் 4 வாட்டுக்கு மேல் வெப்பமாகிறது. பலகையோடு ஒட்டிப் பற்றவைக்காமல் சற்றுத் தூக்கி வையுங்கள்.)

‘உச்ச மின்னோட்டம்’ என்ற பரிந்துரையை நான் இன்னும் உறுதியாக மறுக்கிறேன். உச்சம் என்ற சொல் உதிரியின் தாங்கும் அளவுக்கு வேண்டும். இந்தத் தொகுப்பிலேயே அதற்கு நல்ல சான்று இருக்கிறது. அந்தப் பெருக்கி, டிஎல்081 (TL081), தாங்கும் உச்ச மின்னழுத்தம் 36 வோல்ட். பலகைக்கு மின் தரும் 24 வோல்ட் மின்மாற்றியின் அலைமுகடு 34 வோல்ட். அலைதிருத்தியில் (rectifier) இழப்பது போக 32 அல்லது 33 நிற்கும். கீழே எதிர் 5 வோல்ட் (−5) இணைப்பும் இருப்பதால் பெருக்கிக்கு மின் தரும் இரு முனைகளுக்கும் இடையே 37, 38 வோல்ட் வந்துவிடுகிறது. சுமை இல்லாத நேரத்தில் மின்மாற்றி இன்னும் ஏறும். அதனால்தான் 44 வோல்ட் தாங்கும் டிஎல்இ2141 (TLE2141) போட்டு மாற்றுகிறோம். உச்சம் என்பது தாண்டினால் உதிரி எரிந்துபோகக்கூடிய அளவு. வரம்பு என்பது நாம் வைப்பது, நாமே மாற்றுவது. இரண்டுக்கும் ஒரே சொல் என்றால், பிள்ளை எதைத் திருகலாம், எதைத் தொடக்கூடாது என்று எப்படி அறியும்?

ஒரே வேரிலிருந்து மற்றவையும் கிளைக்கின்றன: வரம்புக் குமிழ், வரம்பு விளக்கு, வரம்புநிலை. குமிழ் வைத்த மின்னழுத்தம் அப்படியே வருமானால் அது அழுத்தநிலை. மின்னோட்டம் வரம்பைத் தொட்டால் வரம்புநிலை. ‘விளக்கு எரிகிறது, வரம்புநிலைக்குப் போய்விட்டது’ என்று பத்து வயதுப் பிள்ளையும் சொல்லிவிடும்.

‘0 முதல் 30 வரை’ என்பதையும் மின்னழுத்த வரம்பு என்கிறோமே, குழப்பாதா என்று கேட்டிருந்தீர்கள். ‘0 முதல் 30 வோல்ட் வரை’ என்று அப்படியே எழுதிவிட்டால் போதும், தனிப் பெயர் தேவையில்லை.

இன்னொரு சொல்லும் வேண்டும். அதை இதுவரை யாரும் எடுக்கவில்லை. அலைமுகடுகளுக்கு இடையே மின்னழுத்தம் விழாமல் தாங்க, தொகுப்போடு வரும் மின்தேக்கி (capacitor) 3300 மைக்ரோஃபாரட்தான். 3 ஆம்பியர் இழுத்தால், அலைமுகடுகளுக்கு இடைப்பட்ட நூற்றில் ஒரு வினாடியில் அதன் மின்னழுத்தம் ஏறத்தாழ 9 வோல்ட் சரிகிறது. 32இலிருந்து 9 போனால் 23. குமிழ் 30இல் இருக்கிறது, வரம்பு விளக்கு எரியவில்லை, ஆனாலும் 30 வோல்ட் வருவதில்லை. ஒலிபெருக்கியை இணைத்தால் உறுமல் கேட்கிறது. இது அழுத்தநிலையும் இல்லை, வரம்புநிலையும் இல்லை. மூன்றாவதான இதற்கு ‘நிலையிழப்பு’ என்று எழுதி வைத்திருக்கிறேன். 10,000 மைக்ரோஃபாரட், 63 வோல்ட் மின்தேக்கி போட்டால் சரிவு 3 வோல்ட்டாகக் குறையும். மின்மாற்றியும் 5 ஆம்பியர் தருவதாக இருக்க வேண்டும். அப்போதும், இடையிலுள்ள உதிரிகள் கொஞ்சம் எடுத்துக்கொள்வதால், 3 ஆம்பியரில் 30 வோல்ட் கிடைக்காது. 25 வரை நம்பலாம். கடையின் இணையப் பக்கத்தில் போட்டிருக்கும் எண்ணை நம்பிப் பிள்ளைகள் மலைத்துப்போகிறார்கள். அவர்கள் கண்ணால் காணும் இந்த நிலைக்கு ஒரு பெயர் இருந்தே ஆக வேண்டும்.

‘நிலையிழப்பு’ என்றால் கருவி பழுதாகிவிட்டது என்று தோன்றுமோ என்ற தயக்கம் மட்டும் எனக்கு உண்டு. ‘நிலைதளர்வு’ மென்மையாக இருக்கிறது. ஐயாவும் அக்காவும் இந்த இரண்டில் எது என்று சொல்லுங்கள். ‘ஓட்டவரம்பு’க்கு வலுவான மறுப்பு வராவிட்டால், முன்பலகை ஒட்டுத்தாளை அந்தப் பெயரோடு அச்சுக்குக் கொடுத்துவிடுகிறேன்.

அன்புடன்,
சுங்கை சிப்புட், பேராக்