இறக்கப் புள்ளி தாண்டியும் ஆட்டோபைலட் இறங்கவில்லை: ஜி1000 விஎன்வி உதவி தேவை

கேள்வி

வணக்கம். நேற்று கலிஃபோர்னியாவில் ஃப்ரெஸ்னோவிலிருந்து பேக்கர்ஸ்ஃபீல்டு மெடோஸ் ஃபீல்டுக்குப் பறந்தேன். செஸ்னா 172எஸ் விமானம், ஜி1000 (கார்மின் டிஜிட்டல் காக்பிட் திரைகள்), ஜிஎஃப்சி 700 ஆட்டோபைலட். விஎஃப்ஆர் (கண்பார்வை விதிப்படி பறத்தல்), 7,500 அடி. விமான நிலையத்துக்கு 5 மைல் முன்னால் 2,000 அடியில் இருக்கும்படி ஃப்ளைட் பிளானில் ஆஃப்செட் புள்ளி போட்டிருந்தேன். 7,500-ஐத் தொட்டதுமே விஎன்வி (செங்குத்து வழிகாட்டல்) பட்டனை அழுத்தினேன். விபிடிஎச் (இறக்கப் பாதையைப் பின்தொடரும் மோடு) தயார்நிலையைக் காட்டும் வெள்ளையில் வந்தது. பிறகு "வெர்டிகல் ட்ராக்" என்ற குரலும் கேட்டது, எழுத்து மின்னவும் செய்தது. ஆனால் டிஓடி (இறக்கம் தொடங்க வேண்டிய புள்ளி) கடந்துபோயிற்று, விமானம் மட்டத்திலேயே போனது. கடைசியில் கையால் வேகமாக இறக்க வேண்டியதாயிற்று. எங்கே தவறினேன்?

பதில் 1

பிளானில் அந்த 2,000 அடி நீல எழுத்தில் இருந்ததா, வெள்ளையிலா? வெள்ளையில் இருப்பது வெறும் தகவல். நீலத்தில் இருப்பதைத்தான் ஜி1000 கணக்கில் எடுக்கும்.

கேட்டவர்

நீலம்தான். டிஓடி நேரமும் திரையில் ஓடிக்கொண்டிருந்தது.

பதில் 2, பயிற்றுநர்

அப்படியானால் பிளானில் குறையில்லை தம்பி. ஆல்டிட்யூட் குமிழில் (ஆட்டோபைலட் போய் நிற்க வேண்டிய உயரத்தை வைக்கும் குமிழ்) எவ்வளவு வைத்திருந்தீர்கள்? 7,500-லேயே விட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

விஎன்வி பாதையைக் கணக்குப் போடும். இறங்க அனுமதி தருவது அந்தக் குமிழ்தான். தேர்ந்தெடுத்த உயரம் இப்போதைய உயரத்தைவிடக் குறைந்தது 75 அடியாவது கீழே இருக்க வேண்டும். அதோடு, டிஓடிக்கு 5 நிமிடத்துக்கு மேல் இருக்கும்போதே பட்டனை அழுத்திவிட்டால், பக்கத்தில் வந்ததும் மறுபடி உறுதிசெய்யச் சொல்லும். அதற்காகத்தான் மின்னியது. விஎன்வியை மறுபடி அழுத்தலாம், அல்லது குமிழைத் திருப்பலாம். எதுவும் செய்யாவிட்டால் பாதை வந்தாலும் பிடிக்காமல் அப்படியே நிற்கும். விமானி கவனிக்காமல் விமானம் தானாக இறங்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு இது, நல்ல ஏற்பாடு.

மனக்கணக்கும் வைத்துக்கொள்ளுங்கள். 2.5 டிகிரி இறக்கத்தில் ஒரு கடல் மைலுக்குச் சுமார் 265 அடி. உங்கள் 5,500 அடிக்கு ஏறத்தாழ 21 மைல். ஆஃப்செட் 5-ஐச் சேர்த்தால் நிலையத்துக்கு 26 மைலில் தொடங்க வேண்டும். தரைவேகம் 120 நாட் என்றால் நிமிடத்துக்கு 530 அடி. இந்த எண்கள் தலையில் இருந்தால், திரை சும்மா நிற்கும்போது உங்களுக்கே தெரிந்துவிடும்.

இன்னொன்று, 172-இல் த்ராட்டிலைப் பார்க்க ஆட்டோபைலட் கிடையாது. பவரைக் குறைக்காமல் இறங்கினால் 129 நாட்டைத் தாண்டி வேகமானியின் மஞ்சள் வளைவுக்குள் (எச்சரிக்கை வேகம்) போய்விடுவீர்கள். மிக்ஸ்சரையும் (எரிபொருள்-காற்றுக் கலவை) எரிபொருள் கூடும்படி கொஞ்சம் கொஞ்சமாக ரிச் செய்துகொண்டே வாருங்கள்.

கேட்டவர்

ரொம்ப நன்றி அண்ணா. இன்று குமிழை 2,000-க்கு இறக்கிவிட்டு, டிஓடிக்கு 3 நிமிடம் இருக்கும்போது அழுத்தினேன். விபிடிஎச் பச்சையாகி அழகாக இறங்கியது. ஆனால் பாதி வழியில் அப்ரோச் கட்டுப்பாட்டாளர்கள் எனக்கு ஒரு ஹெடிங் (பறக்க வேண்டிய திசை) கொடுத்தார்கள். பாதையை விட்டு விலகியதும் விபிடிஎச் போய் பிஐடி (பிட்ச் ஹோல்டு) வந்துவிட்டது. அது ஏன்?

பதில் 2, பயிற்றுநர்

விஎன்வி உங்கள் ஃப்ளைட் பிளான் கோட்டோடு கட்டப்பட்டது. கோட்டை விட்டு அதிகம் விலகினால் செங்குத்து வழிகாட்டல் செல்லாததாகிவிடும். ஆட்டோபைலட் பிட்ச் ஹோல்டுக்கு மாறி, அப்போதிருந்த மூக்கு நிலையையே பிடித்துக்கொள்ளும். இந்த இடத்தில்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். பிளானில் போட்ட 2,000 இப்போது உங்களை நிறுத்தாது, குமிழில் வைத்த உயரம்தான் நிறுத்தும். ஆகவே "எதற்கும் இருக்கட்டும்" என்று குமிழை 0-க்கு ஒருபோதும் திருப்பாதீர்கள். பறந்து போகத் துணிகிற கடைசி உயரத்தை மட்டும் வையுங்கள்.

ஹெடிங் வந்தவுடன் விஎஸ் (இறங்கும் வேகம்) மோடுக்கு மாறி நிமிடத்துக்கு 500 அடி வைத்து இறங்குங்கள். மறுபடி பாதையில் சேர்ந்த பிறகு விஎன்வியைத் திரும்ப அழுத்தலாம்.

கேட்டவர்

சரி அண்ணா. அடுத்த சனிக்கிழமை என் பயிற்றுநரோடு ஹெடிங் கொடுக்கச் சொல்லி இதையே திரும்பச் செய்து பார்க்கிறேன்.