‘வளர்தகவு’: காட்டு மூலிகை எங்கெல்லாம் வரும் என்பதற்கு ஒரு சொல்

நண்பர்களுக்கு வணக்கம்.

ஒரு செடி எங்கெல்லாம் வளர முடியும் என்று கணிக்கும் ‘species distribution modelling’ வேலைக்கு நம் குழுவில் தமிழ்ச்சொல் தேடிக்கொண்டிருக்கிறோம். ‘இனப் பரவல் மாதிரியாக்கம்’ என்பதையே வைத்துக்கொள்வோம், ஏற்கெனவே புழங்கிவிட்டது, இனி மாற்றினால் மாணவர்கள் குழம்புவார்கள் என்று ஆரணி ஆசிரியர் ஐயா எழுதியிருந்தார். ஐயா சொன்னால் யோசிக்காமல் தள்ள முடியாது. யோசித்தேன். ஆனாலும் அந்தத் தொடரில் மூன்று சொல்லும் இடறுகின்றன. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

வேலை என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு செடி இன்னின்ன இடத்தில் இருந்தது என்று பதிவான புள்ளிகளைத் திரட்டுகிறோம். கோபன்ஹேகனில் தலைமையகம் உள்ள உலகப் பல்லுயிர்த் தகவல் அமைப்பு இத்தகைய பதிவுகளை யாரும் எடுத்துக்கொள்ளும்படி திறந்து வைத்திருக்கிறது. அப்புறம் ஒவ்வொரு புள்ளிக்கும் தட்பவெப்பத்தைப் பொருத்துகிறோம். உலகத் தட்பவெப்பத் தொகுப்பான வேர்ல்டுகிளிம் தரவில் ஆண்டுச் சராசரி வெப்பம், ஆண்டு மழை, வறண்ட மாதத்து மழை என்று 19 மாறிகள் இருக்கின்றன. நிலத்தைச் சிறுசிறு கட்டமாகப் பிரித்திருக்கிறார்கள்; மிக நுண்ணிய அளவில் கட்டம் ஒன்று ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். 2006இல் பிலிப்ஸ், ஆண்டர்சன், ஷபைர் மூவரும் கொண்டுவந்த மேக்சென்ட் முறை, செடி இருக்கும் இடங்களின் தட்பவெப்பத்தைச் சுற்றியுள்ள நிலப்பரப்பு முழுவதன் தட்பவெப்பத்தோடு ஒப்பிட்டு, கட்டத்துக்குக் கட்டம் 0 முதல் 1 வரை ஒரு மதிப்பைத் தருகிறது. அந்தச் செடியை யாருமே பார்த்திராத வேறொரு கண்டத்துக்கும் இதே கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

அந்த மதிப்புக்குத்தான் பெயர் தேடுகிறோம். ‘இங்கே இருக்கிறது’ என்று அது சொல்லவில்லை. ‘இங்கே இருக்கத் தோதான இடம்’ என்று மட்டும் சொல்கிறது.

‘பரவல்’ இந்த வேறுபாட்டை விழுங்கிவிடுகிறது. பரவியது என்றால் போய்ச் சேர்ந்துவிட்டது என்றுதான் தமிழில் பொருள். இரண்டு செடிகளை வைத்துப் பாருங்கள். நித்தியகல்யாணி மடகாஸ்கர் தீவின் செடி. புற்றுநோய்க்கு வின்கிறிஸ்டின் தரும் அந்தச் செடியை நம் ஊரில் சுடுகாட்டு மல்லி என்று சொல்லும் அளவுக்கு அது இங்கே வேரூன்றிவிட்டது. இது பரவல்தான். செம்மரத்தின் கதை வேறு. அது இயற்கையாக வளர்வது கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில், சேஷாசலம் முதலான மலைகளில், சிறிய பரப்பில்தான். ஆனால் பட்டா நிலத்தில் கன்று வைத்தால் நம் பக்கத்திலும் வருகிறது. நிலமும் வானமும் ஒத்துப்போகின்றன, மரம் தானாக வந்து சேரவில்லை, அவ்வளவுதான். இவ்விரண்டு நிலைகளையும் சூழலியலாளர் ஹச்சின்சன் 1957இலேயே பிரித்துக் காட்டிவிட்டார்: ஓர் உயிர் வாழக்கூடிய சூழல் ஒன்று, மற்ற உயிர்களின் போட்டிக்கு நடுவே அது உண்மையில் பிடித்துவைத்திருக்கும் சூழல் இன்னொன்று. நம் கலைச்சொல்லும் அந்தப் பிரிவைக் காட்ட வேண்டும்.

‘மாதிரி’யில் உள்ள சிக்கல் இன்னும் நடைமுறையானது. கணக்கு வடிவத்துக்கும் (model) மாதிரி என்கிறோம், புள்ளியியலில் கூறெடுப்பதற்கும் (sample) மாதிரி என்கிறோம். இந்தத் துறையில் இரண்டும் ஒரே வரியில் வரும். ‘மாதிரிகளை வைத்து மாதிரியாக்கினோம்’ என்று எழுதிவிட்டு நானே திரும்பப் படித்து விழித்திருக்கிறேன். ‘இனம்’ பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ‘இனப் பரவல்’ என்ற தலைப்பைப் பார்ப்பவருக்குச் செடி நினைவுக்கு வராது.

சரி, மாற்று என்ன? போன மாதம் அமிர்தி வழியாக ஜவ்வாது மலைக்குப் போயிருந்தேன். மலை இளைஞர்களுக்கு மூலிகை நிலப்படம் ஒன்று தமிழில் தயாரிக்கும் வேலை. உடன் வந்த பெரியவர் நாற்பது வருடமாக மூலிகை எடுப்பவர். வேலியில் சுற்றிக் கிடந்த சிறுகுறிஞ்சானில் இரண்டு இலை கிள்ளி மெல்லக் கொடுத்தார். கொஞ்ச நேரம் கழித்து மடியிலிருந்து வெல்லக் கட்டி ஒன்றை எடுத்து நீட்டினார். வாயில் போட்டால் மண்ணைத் தின்றதுபோல இருந்தது, துளி இனிப்பு இல்லை. எதிர்ச் சரிவைக் காட்டி, அங்கேயும் இது உண்டா என்று கேட்டேன். “அங்க இல்ல. ஆனா வரும்” என்றார். அப்புறம் கீழே ஓடைப் பக்கம் கை காட்டி, “அங்க வெச்சாலும் வராது, தண்ணி நிக்கும்” என்றார்.

இல்லை, ஆனால் வரும். நாம் இத்தனை நாளாகத் தேடியது அவர் வாயில் இரண்டு சொல்லில் இருந்தது. நம் வடார்க்காட்டில் எல்லா உழவரும் இப்படித்தான் பேசுகிறார்கள். ‘இந்த மண்ணுக்கு மல்லாட்டை (நிலக்கடலை) நல்லா வரும், கரும்பு வராது.’ அந்த ‘வரும்’ என்பதில் காலமும் இல்லை, பயணமும் இல்லை. மண்ணும் செடியும் ஒத்துப்போவதை மட்டும் அது சொல்கிறது.

அதனால் முதலில் ‘வருதகவு’ என்றே எழுதிப் பார்த்தேன். பேச்சில் இருக்கும் பொருள் எழுத்தில் நிற்கவில்லை. படித்துக் காட்டிய மூன்று பேரும் ‘வந்து சேரும் வாய்ப்பா?’ என்று கேட்டார்கள். விதை வந்து சேருமா என்பது இந்தக் கணக்குக்குத் தெரியவே தெரியாத விஷயம். ஆடு மேய்வதும், உண்ணிச்செடி மூடிக்கொள்வதும், நாம் வேரோடு பிடுங்கி விற்பதும் அதற்குத் தெரியாது. எனவே கைவிட்டேன்.

வந்து நின்ற சொல் ‘வளர்தகவு’. அந்த 0 முதல் 1 வரையான மதிப்பு வளர்தகவு, மதிப்பு உயர்ந்த பகுதி வளர்தகு நிலம், செய்யும் வேலை வளர்தகவுக் கணிப்பு, செடி இப்போது உண்மையில் இருக்கும் இடம் வளரிடம். ‘முன்கணிப்பு’ வேண்டாம் என்பது என் எண்ணம். ‘முன்’ காலத்தைக் குறிக்கும், இங்கே நாம் பெரும்பாலும் இடத்தைக் கணிக்கிறோம். 2070இன் தட்பவெப்பத்துக்குப் போடும்போது மட்டும் ‘வருங்கால வளர்தகவு’ என்று சொல்லிக்கொள்ளலாம்.

குடியாத்தம் அம்மா, ‘வளர்’ என்றதும் தோட்டப் பயிர்தானே நினைவுக்கு வருகிறது, இது காட்டு மூலிகை ஆயிற்றே என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. ஆனால் பயிரிடுவது வளர்த்தல், தானாக ஆவது வளர்தல். ‘வளர்தகவு’ தன்வினையிலிருந்து பிறந்த வினைத்தொகை. ‘வளர்ப்புத்தகவு’ என்றிருந்தால்தான் அவர் சொல்லும் குறை பொருந்தும்.

நிகழ்தகவோடு (probability) ஒலி ஒத்துப்போவதால், 0.8 என்றால் நூற்றுக்கு எண்பது வாய்ப்பு என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்களே என்ற கவலை எனக்கே இருந்தது. அப்படிப் படிக்க முடியாது, ஏனென்றால் செடி இருந்த பதிவு மட்டும்தான் கையில் உண்டு, இல்லாத பதிவு கிடையாது. பதிவும் ஆள் போகும் வழியில்தான் விழும். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுச் சாலையோரம் நிற்கும் செடி பத்து முறை பதிவாகும், ஜவ்வாது மலையின் உள்காட்டில் அடர்ந்து கிடப்பது ஒருமுறைகூடப் பதிவாகாது. ஆகவே 0.8 என்பதை 0.4ஐவிடத் தோதான இடம் என்று மட்டுமே படிக்க வேண்டும். ஆனால் ‘தகவு’ என்ற சொல்லுக்கே வாய்ப்பு என்ற பொருள் இல்லை. தகுதி, பொருத்தம் என்பதே அதன் வேர்ப்பொருள். குறளில் வரும் ‘தகவிலர்’ அதே தகவுதான். சொல்லைப் பிரித்துச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள்.

ஆம்பூர் நண்பர் முன்வைத்த ‘திணைக் கணிப்பு’ மனத்தைத் தொட்டது. நிலமும் பொழுதும் முதற்பொருள், மரமும் பூவும் கருப்பொருள் என்று வைத்த மரபு நம்முடையது. வேறு நிலத்துப் பூ வந்தால் வந்த நிலத்துக்கே உரியதாகக் கொள்ளலாம் என்று தொல்காப்பியம் இடம் கொடுத்ததும் நித்தியகல்யாணிக்கு அப்படியே பொருந்துகிறது. இருந்தாலும் திணை ஒரு நிலம் முழுவதற்கும் பெயர், நாம் பேசுவது ஒரு செடியின் தேவையை. சிறுகுறிஞ்சான் நம் மலையிலும் இருக்கிறது, ஆப்பிரிக்காவிலும் இருக்கிறது. மேலும் தமிழ் விக்கிப்பீடியாவின் உயிரியல் வகைப்பாட்டில் ‘திணை: தாவரம்’ என்று, உயிர்களின் பெரும்பிரிவுக்குப் பெயராக, திணை என்ற சொல் வேறு வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது.

மலைக்குப் போகும் நிலப்படம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. தலைப்பு இப்போதைக்கு ‘சிறுகுறிஞ்சான்: வளரிடமும் வளர்தகு நிலமும்’. விலங்குகளையும் சேர்த்து ‘வாழ்தகவு’ என்று ஒரே சொல்லாக வைக்கலாமா என்பதில் மட்டும் எனக்கு இன்னும் முடிவில்லை. அதைப் பற்றி வியாழனுக்குள் எழுதினால் படத்தில் திருத்திவிடுவேன்.