பிராவின்ஸ்டவுனில் வெள்ளைக்கோடு அச்சு போட்ட அனுபவம்

பாஸ்டனிலிருந்து வேகப்படகில் ஒன்றரை மணி நேரம் போனால் கடலுக்குள் நீளும் கேப் காட் தீபகற்பத்தின் முனையில் பிராவின்ஸ்டவுன். படகில் வந்தவர்களில் பாதிப்பேர் திமிங்கிலம் பார்க்கக் கிளம்பினார்கள், மீதிப்பேர் லாப்ஸ்டர் கடை தேடினார்கள். நான் போனது மரக்கட்டை அச்சு வகுப்புக்கு, அதாவது பலகையில் படம் செதுக்கி, வண்ணம் பூசி, காகிதத்தில் எடுக்கும் கலை. அதில் வெள்ளைக்கோடு முறை உருவானதே அந்த ஊரில்தான் என்பதால் அங்கேயே கற்றுக்கொள்ள ஆசை.

முதல் உலகப்போர் வந்ததும் பாரிஸில் இருந்த அமெரிக்க ஓவியர்கள் சிலர் ஊர் திரும்பி, அந்த மீன்பிடி ஊரில் தங்கினார்கள். 1915-16 வாக்கில் அவர்கள் ஜப்பானிய பாணியில் அச்சுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அதில் நிறத்துக்கு ஒரு பலகை செதுக்க வேண்டும். இது பெரிய ரோதனை என்று நார்ட்ஃபெல்ட் என்பவர் ஒரே பலகையில் எல்லா நிறத்தையும் கொண்டுவந்தார் என்பார்கள். நிறத்துக்கும் நிறத்துக்கும் நடுவே ஒரு பள்ளம் வெட்டிவிட்டால் போதும். பள்ளத்தில் வண்ணம் ஏறாது, காகிதத்தில் அந்த இடம் வெள்ளைக் கோடாக நிற்கும்.

நான் எடுத்துக்கொண்டது படகுத்துறைக் கொட்டகைகளின் கூரைகளும், பின்னால் 252 அடி உயரத்தில் நிற்கும் பில்கிரிம் நினைவுக் கோபுரமும். V வடிவ உளியால் கோடு வெட்டுவது சீக்கிரமே முடிந்துவிடுகிறது. உண்மையான வேலை அதற்கப்புறம்தான். காகிதத்தின் ஒரு விளிம்பைப் பலகையோடு பின் குத்தி நிறுத்துகிறோம். காகிதத்தை மடக்கித் தூக்கி, ஒரு கூரைக்கு மட்டும் வாட்டர்கலர் பூசி, மறுபடி மேலே போட்டு, கரண்டியின் முதுகால் தேய்க்க வேண்டும். தூக்கிப் பார்த்து, அடுத்த கூரை. குத்திய பின் ஊசி அசையாதவரை நிறம் இடம் மாறாது.

எல்லாம் தண்ணீர்க் கணக்குதான். கூடினால் வண்ணம் பள்ளத்தில் இறங்கிக் கோடு போய்விடும். குறைந்தால் காகிதம் படுவதற்குள் காய்ந்துவிடும். பலகையைச் சாய்த்து வெளிச்சத்தில் பார், ஈரத்தின் மினுக்கு அடங்குகிற நேரத்தில் காகிதத்தைப் போடு என்றார் சொல்லிக்கொடுத்தவர். கடல் பகுதியை வேண்டுமென்றே மெல்லிய நீலத்தில் விட்டேன். மரத்தின் ரேகை அப்படியே அலையாக வந்து விழுந்தது. செதுக்கி வரவழைக்க முடியாத அலை.

பதில்:
அக்கா, பிளான்ச் லாஸெல் செய்த அச்சுகளைப் பார்த்தீர்களா? மேற்கு வர்ஜீனியாக்காரர், பாரிஸில் படித்தவர். இந்த முறையை விடாமல் பிடித்துக்கொண்டு 1956-ல் இறக்கும்வரை அந்த ஊரோடு தொடர்பில் இருந்தார். அவருடைய ஸ்டூடியோ படகுத்துறையிலேயே இருந்தது, வாசலில் பூந்தொட்டிகள் வைத்திருந்தாராம். ஒரே பலகையில் போட்ட இரண்டு பிரதிகளை அருகருகே வைத்துப் பார்த்தபோது எனக்கு ஆச்சரியம். ஒன்றில் கூரை கருஞ்சிவப்பு, இன்னொன்றில் சாம்பல். கோடுகள் மட்டும் மாறவில்லை. பொருள்களைக் கோண வடிவங்களாக உடைத்து வரையும் க்யூபிசம் படித்த கை என்பதால், வீட்டையும் வேலியையும் கட்டம் கட்டமாகப் பிரித்திருக்கிறார். அந்தப் பாணிக்கு வெள்ளைக் கோடு தானாகவே பொருந்திவிட்டது என்று தோன்றியது.

பதில்:
அதனால்தான், கண்காட்சியில் ஒருவர் வெள்ளைக்கோடு அச்சு என்று சொல்லி, நூறு பிரதி, எல்லாம் அச்சு அசல் ஒரே மாதிரி என்று விற்றபோது எனக்குச் சந்தேகம் வந்தது. கையால் கட்டம் கட்டமாக வண்ணம் பூசினால் இரண்டு பிரதி ஒன்றுபோல வராது. வாங்குகிறவர்கள் காகிதத்தின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். கரண்டி தேய்த்த இடம் பெரும்பாலும் பளபளவென்று தெரியும்.

வீட்டில் செய்ய நினைப்பவர்களுக்கு: செதுக்க எளிதான மென்மரமான பாஸ்வுட் அல்லது ஷினா ப்ளைவுட் பலகை, நல்ல ஜப்பானியக் காகிதம், ஒரு V உளி, மரக்கரண்டி, குழாய் வாட்டர்கலர். இதில் காகிதத்தில் மட்டும் கஞ்சம் பிடிக்காதீர்கள், மட்டமான காகிதம் தேய்க்கும்போதே பிசிறிவிடும். ஒரே மூச்சில் முடிக்க வேண்டும் என்றும் இல்லை. பின்னை எடுக்காமல் அப்படியே வைத்துவிட்டு, குழந்தைகள் தூங்கியபின் இரண்டு கட்டம் பூசலாம். நான் அப்படித்தான் செய்கிறேன். பூனை இருக்கிற வீடாக இருந்தால் மேலே ஒரு தட்டு கவிழ்த்து வையுங்கள்.