புழங்குகாட்சி: ஒல்லாந்து ஓவியங்களுக்கு ஒரு தமிழ்ச்சொல் தேடி

அன்புள்ள குழுவினர்க்கு,

வணக்கம். நமது ஓவியக் கலைச்சொற் பட்டியலில் ஒரு கட்டம் இன்னும் காலியாகவே நிற்கிறது. நிலக்காட்சி, உருவப்படம், வரலாற்று ஓவியம் எல்லாம் சண்டையின்றி ஏறிவிட்டன. ஆங்கிலத்தில் 'ஜான்ர் பெயிண்டிங்' எனப்படுவதற்குத்தான் சொல் அமையவில்லை. பால் ஊற்றும் பணிப்பெண், கூட்டிப் பெருக்கிய முற்றம், கடிதம் படிக்கும் பெண், மதுக்கடைச் சிரிப்பு என்று 17ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) வரைந்து குவித்த இனம் அது. வந்த பரிந்துரைகளுக்கு ஒவ்வொன்றாக என் கருத்து.

> வகைமை ஓவியம் என்றே வைக்கலாம். திறனாய்வில் பழகிய சொல்தானே.

பழகியதுதான். எந்த வகை என்று கேட்டால் பதில் இல்லை. இந்தப் பெயர் பிறந்த கதையும் மரியாதையானதன்று. வரைந்த காலத்து ஒல்லாந்தர் இதற்குப் பொதுப்பெயர் வைக்கவே இல்லை. 'களியாட்டக் கூட்டம்', 'காவலர் அறை' என்று படத்தில் இருப்பதைச் சொல்லி அழைத்தார்கள். பிரெஞ்சுக் கலைக்கழகத்தார்தான் புராணமும் வரலாறும் தீட்டியவர்களை உச்சியில் உட்காரவைத்துவிட்டு, நிலம், விலங்கு, பழம், சமையலறை என்று வரைந்தவர்களைக் கீழ்ப்படிகளில் நிறுத்தினார்கள். அந்தக் கீழ்ப்படிகளுக்குத்தான் 18ஆம் நூற்றாண்டில் 'வகை' என்ற பெயர் ஒட்டியது. அது பின்னால் சுருங்கி, அன்றாட வாழ்க்கைப் படங்களுக்கு மட்டும் ஆனது. நேர் மொழிபெயர்ப்புத்தான் வேண்டுமென்றால் 'வகையறா ஓவியம்' என்று வைக்க வேண்டும். ஜெர்மானியர் இதில் முழுதாகச் சிக்கவில்லை; 'ஒழுகலாற்றுப் படம்' என்ற பொருளில் தங்கள் மொழியிலேயே ஒரு சொல் செய்துகொண்டார்கள்.

> நடப்பியல் ஓவியம்?

அது 'ரியலிசம்' வாங்கிக்கொண்ட சொல். அதோடு இந்தப் படங்கள் நடந்ததை நடந்தபடி பிடித்தவை என்பதே ஐயம். ஒல்லாந்து ஓவியர் வெர்மீரின் பால் ஊற்றும் பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். 45.5 செ.மீ. உயரம், 41 செ.மீ. அகலம், அவ்வளவுதான் படம். அவளுக்குப் பின்னால் வெறும் சுவர், அதில் ஓர் ஆணி, ஆணியின் நிழல். ஆனால் அந்தச் சுவர் முதலில் வெறுமையாக இல்லை. ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் அருங்காட்சியகம் 2022இல் வெளியிட்ட ஆய்வின்படி, அவள் தலைக்குப் பின்னால் குடுவைகள் மாட்டும் சட்டம் ஒன்றையும், கீழே நெருப்புக்கூடை ஒன்றையும் வெர்மீர் வரையத் தொடங்கி, பிறகு தாமே மூடிவிட்டார். வீட்டில் கிடந்ததையெல்லாம் வரைந்தவர் அல்லர். கழித்துக் கழித்து அந்த அமைதியைச் செய்தவர்.

> இல்லற ஓவியம். கேட்கவே இனிமையாக இருக்கிறது.

இனிமைதான் ஐயா. ஆனால் பால் ஊற்றுகிறவள் இல்லாள் அல்லள், வேலைக்காரி. நிக்கோலாஸ் மாஸ் 1655இல் வரைந்த படத்தில் பணிப்பெண் தூங்கி வழிகிறாள், பின்னால் பூனை கோழியைத் திருடுகிறது. யான் ஸ்டேன் வரைந்த வீடுகளில் இல்லம் உண்டு, அறத்தைத் தேடத்தான் வேண்டும். அலங்கோலமான குடும்பத்தை ஒல்லாந்தில் இன்றும் 'யான் ஸ்டேன் வீடு' என்கிறார்கள். தெர் போர்க்கின் ஒரு படம் 'தந்தையின் கண்டிப்பு' என்ற பெயரில் நெடுங்காலம் நல்லொழுக்கப் பாடமாக உலவியது. அந்தத் 'தந்தை'க்குத் தந்தையாகும் வயதே இல்லை என்று பின்வந்தவர்கள் கண்டார்கள். அங்கே நடப்பது வேறு பேரம் என்போரும் உண்டு. இல்லறம் தாங்காது.

> அக ஓவியம். 'சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்' என்ற தொல்காப்பிய விதி இதற்கு அப்படியே பொருந்தும்.

இதில் இரண்டு நாள் மயங்கிக் கிடந்தேன் அம்மா. அகப்பாட்டில் எவரையும் பெயர் சுட்டிச் சொல்லக்கூடாது என்பதுதானே அந்த விதி. உருவப்படத்துக்கு இன்னார் என்பது முக்கியம்; இங்கே இவள் யார் என்ற கேள்வியே எழக்கூடாது. அகத்துக்கு வீடு என்ற பொருளும் இருக்கிறது. ஆனால் அகம் என்றதும் தலைவனும் தலைவியும் வந்து நின்றுவிடுகிறார்கள். இந்தப் பெண் பாலை மட்டுமே பார்க்கிறாள். (சுவரடி ஓடுகளில் ஒன்றில் மன்மதன் இருக்கிறானே என்று யாரேனும் வருவீர்கள். வாருங்கள்.) காவலர் அறையையும் மதுக்கடையையும் அகத்தில் அடைக்கவும் முடியாது.

என் பரிந்துரை 'புழங்குகாட்சி'. அன்றாடம் கையாளும் பொருளைக் குறிக்கும் புழங்குபொருள் என்ற சொல் நாட்டார் வழக்காற்றியலில் வேரூன்றிவிட்டது. மனிதர் புழங்கும் இடம் வீடானாலும் கடையானாலும் இது பொருந்தும். நிலக்காட்சிக்குப் பக்கத்தில் இணையாகவும் நிற்கும். வினைத்தொகை என்பதால் காலம் காட்டாது: அந்தக் குடத்திலிருந்து பால் ஊற்றினாளா, ஊற்றுகிறாளா, ஊற்றுவாளா என்று படத்திலும் சொல்ல முடியாதே. வல்லினமும் மிகாது, 'புழங்குக்காட்சி' என்று எழுதிவிடாதீர்கள். பீட்டர் தெ ஹோக் வரைந்த டெல்ஃப்ட் முற்றங்களைப் பார்க்கும்போது நம் புழக்கடை நினைவுக்கு வருவதும் இந்தச் சொல்லின் வேர் செய்யும் வேலைதான்.

---

மறுமொழி:

சொல் நன்று, ஏற்கிறேன். கடைசி வரியை ஏற்கமாட்டேன். புழக்கடை, புழங்குவதிலிருந்து வந்ததன்று. புழைக்கடை என்பதன் திரிபு அது. புழை என்றால் சிறு வாயில், வீட்டின் பின்வாசல்.

நீங்கள் குறிப்பிட்ட தெ ஹோக் முற்றங்களில் ஒன்று 1658 என ஆண்டிட்டது. இப்போது லண்டன் தேசியக் காட்சியகத்தில் இருக்கிறது. ஒல்லாந்தர் எங்கள் யாழ்ப்பாணத்தைப் பிடித்ததும் அதே 1658இல்தான். அவர்கள் எங்களுக்கு விட்டுச்சென்றவை 'கந்தோர்' (அலுவலகம்), 'கக்கூசு' போன்ற சொற்கள். படங்களை அவர்களே வைத்துக்கொண்டார்கள்.

---

மறுமொழிக்கு மறுமொழி:

திருத்தத்துக்கு நன்றி ஐயா. வேர் பார்க்காமல் ஒலியைக் கேட்டு ஓடியது என் தவறு.

ஆனால் உங்கள் 'புழை' என்னை வேறோர் இடத்துக்குக் கொண்டுபோய் விட்டது. அந்த 1658ஆம் ஆண்டுப் படத்தில் இடப்பக்கம் ஒரு வளைவு. அதன் வழியே நடைபாதை, அங்கே நமக்கு முதுகைக் காட்டி நிற்கும் பெண், அவளுக்கு அப்பால் தெரு. தாய் குழந்தைக்குப் பேன் பார்க்கும் படத்திலும் அப்படித்தான்: முன்னால் தலையைக் குனிந்த குழந்தை, பின்னால் திறந்த கதவு, அடுத்த அறை, அதற்கும் அப்பால் வெளிச்சம். இந்த உத்திக்கு டச்சு மொழியில் 'டோர்கைக்யே' என்று பெயர். அதில் வரும் 'டோர்' ஆங்கிலக் கதவு அன்று. 'ஊடாக' என்று பொருள். ஊடாக ஒரு சின்னப் பார்வை.

'ஊடுநோக்கு' என எழுதிப் பார்த்தேன், எக்ஸ்ரே வாடை அடிக்கிறது. 'புழைக்காட்சி' என்று வைக்கலாமா? இது வினைத்தொகை அன்று. இங்கே 'க்' மிகும். புழங்குகாட்சியை இன்றே பட்டியலில் ஏற்றுகிறேன். புழைக்காட்சிக்கு மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள்.