ஒரிஜினல் சேசிஸாம், டெஸ்டா ரோஸாவாம்!

கரிப்புகை: இத்தாலியில் ஒரு வண்டி விற்பனைக்கு வந்திருக்கிறது. "1962 ஃபெராரி 250, டெஸ்டா ரோஸா பாடி, ஒரிஜினல் சேசிஸ்" என்று விளம்பரம். டெஸ்டா ரோஸா பந்தயக் கார், சேசிஸ் என்றால் காரின் அடிச்சட்டம். அது நான்கு பேர் உட்காரும் 250 ஜிடிஇ, ஐயா! பினின்ஃபரினா வடிவமைத்த பாடியைக் கழற்றி எறிந்துவிட்டு, அலுமினியத் தகட்டைத் தட்டி மாட்டியிருக்கிறார்கள். ஜிடிஇ வீல்பேஸ், அதாவது முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையிலான தூரம், 2600 மி.மீ. 1958 டெஸ்டா ரோஸாவுக்கு 2350. மிச்சம் 250 மி.மீ. எங்கே போச்சு?

மொடெனா மைனர்: ஆரம்பிச்சாச்சா! சேசிஸ் நம்பர் ஃபெராரி அடித்தது. எஞ்சின் அந்தச் சேசிஸோடு வந்தது. இரண்டு மாடலிலும் கொலம்போ என்ற பொறியாளர் வடிவமைத்த அதே 12 சிலிண்டர் வி12, அதே 2953 சிசி. ஜிடிஇ-யில் மூன்று வெபர் கார்புரேட்டர், இதில் டெஸ்டா ரோஸா மாதிரி ஆறு. ரீபாடி, அதாவது பாடி மாற்றியது என்று விளம்பரத்திலேயே சொல்லியிருக்கிறார்கள். யாரை ஏமாற்றினார்கள்?

கரிப்புகை: கார்புரேட்டர் கணக்கை யார் கேட்டது? 250 மி.மீ. எங்கே?

ஸ்பானர் செல்வம்: விளம்பரத்தில் 14-ஆவது படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். சீட்டுக்குக் கீழே சேசிஸின் ஓவல் குழாயில் வெல்டு வரி, கறுப்பு பெயின்டையும் மீறித் தெரிகிறது. கிரைண்டர் கூடச் சரியாகப் போடவில்லை.

மொடெனா மைனர்: வெல்டு பலமாக இருந்தால் போதும். பாடி மாற்றினால் குற்றம் என்றால் பிரெட்வான் என்ற பந்தயக் காரை என்ன செய்வீர்கள்? பந்தய அணி வைத்திருந்த கவுன்ட் வோல்பிக்கு ஜிடிஓ பந்தயக் காரைத் தர என்ஸோ ஃபெராரி மறுத்தார். 1962-இல் பொறியாளர் பிட்ஸாரினி ஒரு பழைய எஸ்டபிள்யூபி-க்கு, அதாவது குட்டை வீல்பேஸ் ஃபெராரி 250-க்கு, புதுப் பாடி போட்டுக் கொடுத்தார்; அதுதான் பிரெட்வான். அதைப் பார்த்தால் மட்டும் எல்லோரும் கும்பிடுகிறீர்களே!

கரிப்புகை: வாங்க, வாங்க. பிரெட்வான் வீல்பேஸ் பாடி மாற்றுமுன் 2400, மாற்றிய பின்னும் 2400. ஒரு மில்லிமீட்டர் வெட்டவில்லை. அதுவும் பந்தயத்துக்காக, அந்தக் காலத்திலேயே செய்தது. அதே வருஷம் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்துக்குப் போயிற்று. உங்கள் வண்டி எங்கே போயிற்று, பெயின்ட் கடைக்கா?

மொடெனா மைனர்: லெ மான் போய் என்ன, பாதியில் நின்றதே!

கரிப்புகை: நிற்கும்வரை ஜிடிஓக்களுக்கு முன்னால் ஓடிற்று. தெரியாவிட்டால் படித்துவிட்டு வாருங்கள்.

பழைய டயர்: அண்ணே, எனக்கு அந்த ஜிடிஇ-யை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. பின்சீட்டோடு வந்த முதல் பெரிய உற்பத்தி ஃபெராரி. செய்ததே ஏறக்குறைய 950. ஆளாளுக்கு வெட்டி ஜிடிஓ, டெஸ்டா ரோஸா என்று வேஷம் கட்டுகிறார்கள்.

மொடெனா மைனர்: துருப்பிடித்துக் கிடந்த வண்டியாக இருந்திருக்கும். உயிரோடு இருக்கிறதே, சந்தோஷப்படுங்கள்.

ஸ்பானர் செல்வம்: அந்த வெல்டு கேஸ் வெல்டா, மின்சாரத்தில் செய்யும் டிக் வெல்டா? எனக்கு டிக் மாதிரி தெரிகிறது.

பழைய டயர்: டிக்கெல்லாம் இல்லை. இவ்வளவு அகலமாகப் பரவியிருக்கிறது, கேஸ்தான்.

ஸ்பானர் செல்வம்: தம்பி, டார்ச் பிடித்த கை இது.

கரிப்புகை: எதில் ஒட்டினால் என்ன, வெட்டிய 250 மி.மீ. வரப்போகிறதா?

மொடெனா மைனர்: லான்சியா ஸ்ட்ராடோஸ் கார் பற்றிய விவாதத் திரியிலும் இப்படித்தான். ஒரே வரியை நாற்பது முறை போட்டு, கடைசியில் திரியைப் பூட்டவைத்தீர்கள்.

கரிப்புகை: ஸ்ட்ராடோஸில் இருந்த ஃபெராரியின் டினோ வி6 எஞ்சினை ஃபியட் எஞ்சின் என்று சாதித்தது யார்?

மொடெனா மைனர்: உற்பத்தி செய்தது ஃபியட்தானே! இப்போதும் சொல்வேன்.

கரிப்புகை: சொல்லுங்கள், அதற்கென்று தனித் திரி போடுகிறேன். இங்கே 250 மி.மீ.-க்குப் பதில் வரட்டும்.

ஸ்பானர் செல்வம்: 15-ஆவது படத்திலும் ஒரு வெல்டு இருக்கிறது, பார்த்தீர்களா?