ஸ்டெஃபானியா ஜெயித்தது பாட்டாலா, போராலா?

தெருவிளக்கு:
2022 யூரோவிஷன் என்ற ஐரோப்பியப் பாட்டுப் போட்டியில் உக்ரைனின் கலுஷ் ஆர்க்கெஸ்ட்ரா 'ஸ்டெஃபானியா' பாடி ஜெயித்ததை இன்னமும் இசைப் புரட்சி மாதிரி எழுதுகிறார்கள். நேராகவே கேட்கிறேன், ரஷ்யா தொடுத்த போர் இல்லாமல் முதலிடம் வந்திருக்குமா? நடுவர்கள் கொடுத்தது 192 புள்ளி, அவர்கள் கணக்கில் நாலாவது இடம். மக்கள் ஓட்டிலோ 439! இது அனுதாபம் இல்லாமல் வேறென்ன? ராப்புக்கு நடுவில் ஒரு குழலைச் செருகினால் நாட்டுப்புற இசையா?

பனங்காடு:
அனுதாபம் இல்லவே இல்லை என்று யார் சொன்னது? ஆனால் முந்தின வருஷத்தையும் பாருங்கள். 2021இல் அதே போட்டியில் உக்ரைனின் கோ-ஆ குழு 'ஷும்' பாடியது, வசந்தத்தை அழைக்கும் பழைய சடங்குப் பாடல்களை எலக்ட்ரானிக் தாளத்தில் ஏற்றி, தொண்டையைத் திறந்து கத்துகிற கிராமத்துக் குரலில். மக்கள் ஓட்டில் 267 புள்ளியோடு இரண்டாவது இடம், நடுவர்கள் கொடுத்தது வெறும் 97. அப்போது ரஷ்யாவின் முழுப் படையெடுப்புக்கு இன்னும் ஒன்பது மாதம் இருந்தது. நீங்கள் சொல்லும் இடைவெளி அப்போதே இருந்தது சார்.

தெருவிளக்கு:
சரி, அது நல்ல பாட்டு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கலுஷ் ஜெயித்த கோப்பையை ஏலம் விட்டு 9 லட்சம் டாலருக்கு விற்று, அந்தப் பணத்தை ராணுவ ட்ரோனுக்குக் கொடுத்தார்கள். கலை அங்கேயே பிரச்சாரமாகிவிட்டது.

நடுச்சாமம்:
வீட்டு மேல் குண்டு விழும்போது கலை கைகட்டி ஓரமாக நிற்க வேண்டுமா? அந்தக் குழுவில் ஒருவர் மேடைக்கே வராமல் கீவ் நகரத்தைக் காக்க நின்றுவிட்டார். இத்தனைக்கும் பாட்டு போருக்கு முன்பே அம்மாவுக்காக எழுதியது, போர் வந்ததும் கேட்டவர்கள்தான் அம்மாவை நாடாக்கிக்கொண்டார்கள்.

இன்னொன்று. 1914 காலத்து உக்ரைன் சிப்பாய்ப் பாட்டு ஒன்று உண்டு, சிவப்புக் கலினாப் பழத்தைப் பற்றியது. 2022 பிப்ரவரி கடைசியில் உக்ரைனின் பூம்பாக்ஸ் குழுப் பாடகர் ஆண்ட்ரி க்ளிவ்னியுக் துப்பாக்கியும் கையுமாக, வாத்தியமே இல்லாமல் கீவ் சோஃபியா சதுக்கத்தில் அதைப் பாடினார். ஏப்ரலில் பிரிட்டிஷ் ராக் குழு பிங்க் ஃப்ளாய்ட் அந்தக் குரலுக்குக் கிட்டார் சேர்த்து வெளியிட்டது. ரஷ்யா பிடித்து வைத்திருக்கும் கிரிமியாவில் இதே பாட்டை ஒரு கல்யாணத்தில் போட்டதற்கு ஆட்களைச் சிறையில் வைத்தார்கள். வெறும் அலங்காரமாக இருந்தால் எதற்கு இந்தப் பயம்?

ஏட்டுச்சுரை:
என் சண்டை வேறு. கார்பாத்திய மலைக் குழலையும் ராப்பையும் சேர்த்து 'இதுதான் உக்ரைன்' என்று உலகத்துக்கு விற்கும்போது ஊருக்கு ஊர் மாறுகிற பாணி என்ன ஆகும்? கிழவிகள் பாடின பல்குரல் பாட்டை மூன்று நிமிஷத்துக்கு வெட்டினால் மிச்சம் என்ன?

பனங்காடு:
தாக்காபிராக்கா கேட்டிருக்கிறீர்களா? 2004இல் கீவின் ஒரு நாடக அரங்கில் தொடங்கிய குழு. அதிலுள்ள மூன்று பெண்களும் நாட்டுப்புற இசை படித்தவர்கள், கிராமம் கிராமமாகப் போய்ப் பாட்டு சேகரித்தவர்கள். செல்லோ, அக்கார்டியன், தர்புக்கா என்கிற கைப்பறை எல்லாம் இருக்கும், அவசரம் மட்டும் இருக்காது. தங்கள் பாணிக்கு அவர்களே வைத்துக்கொண்ட பெயர் 'எத்னோ கேயாஸ்', அதாவது நாட்டுப்புறக் குழப்பம். இந்தக் கலவை போருக்காகத் தைத்த சட்டை இல்லை.

தெருவிளக்கு:
அவர்களைப் பற்றிப் புகாரே இல்லை. என் எரிச்சல் என்னவென்றால், 2022க்கு அப்புறம் குழல் ஊதி பூவேலைச் சட்டை போட்ட எந்தப் பாட்டையும் மோசம் என்று சொல்ல முடியவில்லை, சொன்னால் ரஷ்ய ஆள் என்கிறார்கள்.

பனங்காடு:
தாராளமாகச் சொல்லுங்கள், நான் அப்படிக் கூப்பிட மாட்டேன். என்னைக் கேட்டால் 'ஸ்டெஃபானியா'வே தாக்காபிராக்கா பக்கத்தில் நிற்காது.