மணப்பாட்டுத் திமிங்கலமும் எங்கள் சபைப் பிரசங்கமும்

ஞாயிறுபள்ளி_வாத்தியார்:
பாளையங்கோட்டையில் இருந்து எழுதுகிறேன். சபையில் ஞாயிறு பள்ளி எடுப்பவன். போன வாரம் வந்த பிரசங்கியார், "பாதி மீன் பாதி மிருகம் என்று ஒரே ஒரு எலும்பைக் காட்டட்டும், பரிணாமத்தை ஒத்துக்கொள்கிறேன்" என்றார். பிள்ளைகள் கைதட்டினார்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி மட்டும் பிறகு வந்து, "அப்போ ஊர்வனவுக்கும் பறவைக்கும் நடுவுலன்னு பாடத்துல வர்ற ஆர்க்கியாப்டெரிக்ஸ் பொய்யா சார்?" என்றாள். அடுத்த வாரம் சொல்கிறேன் என்று நழுவிவிட்டேன். நான் படித்தது பி.காம். விசுவாசத்தை விடச் சொல்லாமல் விஷயத்தை மட்டும் சொல்லுங்கள்.

நாசரேத்துக்காரன்:
பிரதர், தேவன் ஜாதிஜாதியாகப் படைத்தார் என்று ஆதியாகமத்தில் தெளிவாக இருக்கிறது. ஆர்க்கியாப்டெரிக்ஸுக்குச் சிறகு இருக்கிறது, அது பறவை. அவ்வளவுதான். இடைப்பட்ட உயிர்கள் கிடைக்காதது தன் கொள்கைக்குப் பெரிய ஆட்சேபணை என்று டார்வினே 1859இல் எழுதினார். 1912இல் மனித மண்டையோட்டோடு குரங்குத் தாடையை வைத்து, பில்ட்டவுன் மனிதன் என்ற ஆதி மனிதன் இங்கிலாந்தில் கிடைத்ததாக நாற்பது வருஷம் ஏமாற்றினார்களே!

பழைய_விலங்கியல்:
அண்ணாச்சி சொன்னது உண்மைதான், ஆனால் பாதியில் நிறுத்திவிட்டார். பில்ட்டவுன் மோசடியை 1953இல் வெளியே கொண்டுவந்ததும் விஞ்ஞானிகளே. டார்வின் எழுதிய இரண்டாம் வருஷமே ஜெர்மனியில் ஆர்க்கியாப்டெரிக்ஸ் கிடைத்தது. சிறகு உண்டு, சரி. வாயில் பல்லும் பல்லி மாதிரி நீள எலும்பு வாலும் எந்தக் கோழிக்கு இருக்கிறது?

பாதி மீன் பாதி மிருகம் என்று ஒட்டுப்போட்டதைத் தேடினால் கோயில் தூணில் யாளிதான் கிடைக்கும். 2016 ஜனவரியில் மணப்பாடு பக்கம் எண்பதுக்கு மேல் திமிங்கலங்கள் கரை ஒதுங்கியபோது பஸ் பிடித்துப் போய்ப் பார்த்தேன். (நாற்றத்தைக் கேட்காதீர்கள்.) பக்கத்தில் நின்றவரிடம், "இந்தத் துடுப்புக்குள்ள விரல் எலும்பு இருக்கு" என்றேன். நம்பவில்லை. மீன் வாலை இடவலமாக ஆட்டும், திமிங்கலம் மேலும் கீழுமாக அடிக்கும். ஓடுகிற நாயின் முதுகு வளையுமே, அந்த அசைவு.

பாகிஸ்தான் பாறையில் கிடைத்து 1994இல் அறிவிக்கப்பட்ட ஆம்புலோசீட்டஸ், நாலு கால் உள்ள திமிங்கலம். 2001இல் வந்த செய்திதான் எனக்குப் பிடித்தது. ஆட்டின் பின்னங்கால் கணுவில், கிணற்றுக் கப்பி போல இரண்டு முனையிலும் பள்ளம் விழுந்த எலும்பு ஒன்று உண்டு. ஆடு, மாடு, மான் வகையறாவின் அடையாளம் அது. காலோடு இருந்த பழைய திமிங்கலங்களுக்கும் அதே எலும்பு!

நாசரேத்துக்காரன்:
சார், மகா மச்சங்களை ஐந்தாம் நாளிலும் நாட்டு மிருகங்களை ஆறாம் நாளிலும் படைத்தார். நிலத்து மிருகம் முதலில், திமிங்கலம் அப்புறம் என்றால் வரிசையே மாறுகிறதே?

பழைய_விலங்கியல்:
மாறத்தான் செய்கிறது. பாறையில் அந்த வரிசைதான் இருக்கிறது. நாள் என்பதை 24 மணி நேரமாகவே படிக்க வேண்டுமா என்பது உங்கள் சபைக்குள் பேச வேண்டியது, நான் அதில் தலையிட மாட்டேன்.

ஞாயிறுபள்ளி_வாத்தியார்:
நன்றி சார். நேற்று கறிக்கடையில் பின்னங்கால் கணு கேட்டேன். "சூப்புக்கா?" என்றார். எலும்பை வேகவைத்துக் கழுவிக் காயவைத்திருக்கிறேன். கப்பியேதான். "இதையா சபைக்குக் கொண்டுபோகப் போறீங்க?" என்று வீட்டில் முறைக்கிறாள். அந்தப் பிள்ளைக்கு மட்டும் காட்டுவதா, எல்லோருக்கும் காட்டுவதா என்றுதான் இன்னும் முடிவு செய்யவில்லை.